8 வருஷம் அடைக்கலம்: ஒட்டன்சத்திரம் பக்கத்தில் காத்திருந்த ராணி வேலு நாச்சியார்… சினிமா சொல்ல மறந்த கதை!

ஒட்டன்சத்திரத்தில் இருந்து பழனி போகும் சாலையில் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது விருப்பாச்சி. மலை வாழைப்பழம்னு சொன்னா பலருக்கும் சட்டென்று ஞாபகம் வரும் ஊர். புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. ஆனா 250 வருஷத்துக்கு முன்னாடி, கணவனை இழந்து, நாட்டை இழந்து, சின்னப் பெண் குழந்தையோடு தப்பி வந்த ஒரு ராணிக்கு இடம் கொடுத்த ஊரும் இதுதான்.

அந்த ராணி வேலு நாச்சியார். சிவகங்கைச் சீமையின் அரசி. ஆங்கிலேயரை எதிர்த்து வாளெடுத்த முதல் இந்திய ராணி என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். 2008-ல் இவருக்குத் தபால்தலை வெளியானது. 2022 குடியரசு தின அணிவகுப்பில் தமிழ்நாட்டு ஊர்தி டெல்லியில் அனுமதிக்கப்படாத சர்ச்சையிலும் இவர் பெயர் அடிபட்டது. அரசியல் கட்சி மேடைகளில் கட்-அவுட்டாகவும் நிற்கிறார். எங்கே பார்த்தாலும் கையில் வாள், பெரும்பாலும் குதிரை மேல்.

ஆனா அவர் வாழ்க்கையில் 1772-ல் இருந்து 1780 வரை சுமார் 8 ஆண்டுகள் குதிரைச் சிலையில் தெரியாத காலம். அந்தக் காலம் முழுக்க அவர் அடுத்தவர் நிலத்தில் அடைக்கலம் புகுந்தவர். இன்றைய வார்த்தையில் சொன்னால் அகதி. அந்த 8 வருஷம் எப்படி நடந்தது, ஏன் அவ்வளவு நீண்டது, அதற்குப் பிறகு என்ன ஆனது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த வேலு நாச்சியார்?

1730-ல் ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தில் பிறந்தவர். தந்தை செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதி, தாய் முத்தாத்தாள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் ஒரே பெண். அதனால் ஆண் பிள்ளைக்குக் கொடுக்கும் பயிற்சி எல்லாம் இவருக்குக் கிடைத்தது. வாள், சிலம்பம், வில், குதிரையேற்றம், வளரி என்று எல்லாமும் கற்றதாகச் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம் முக்கியம். அவருக்குப் பல மொழிகள் தெரியும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் செய்தி. அதில் உருதுவும் ஒன்று. அரண்மனையில் இருந்தவரைக்கும் இது ஒரு கூடுதல் தகுதி, அவ்வளவுதான். ஊரை விட்டு வெளியேறிய பிறகு அதுவே பெரிய துணையாக மாறியது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

16 வயதில், 1746-ல், சிவகங்கை இளவரசர் முத்து வடுகநாதருடன் திருமணம். சிவகங்கை அப்போது புத்தம்புது சீமை. ராமநாதபுரத்தில் இருந்து பிரிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1750 வாக்கில் முத்து வடுகநாதர் அரியணை ஏறினார். வேலு நாச்சியார் பட்டத்து ராணி ஆனார். வெள்ளச்சி என்று ஒரு மகள் பிறந்தாள்.

பிரதானி தாண்டவராய பிள்ளை நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். அரண்மனையில் பணியாற்றிய அண்ணன் தம்பி இருவர் படையில் பெயரெடுத்து வந்தார்கள். அவர்கள்தான் பெரிய மருது, சின்ன மருது.

1772-ல் என்ன நடந்தது?

இதைப் புரிந்துகொள்ள ஆற்காடு நவாப் முகமது அலியின் நிலைமையைப் பார்க்க வேண்டும். கிழக்கிந்திய கம்பெனியின் தயவில் பதவிக்கு வந்தவர் அவர். கம்பெனி படைக்கு ஆகும் செலவு, வட்டி, கடன் என்று கழுத்து வரை கடன். அதை அடைக்க அவருக்கு இருந்த வழி, தெற்கே இருந்த பாளையங்களிடமும் சீமைகளிடமும் கப்பம் கேட்பது. கொடுக்காவிட்டால் கம்பெனி படையை அனுப்புவது.

1772 ஜூன் தொடக்கத்தில் ராமநாதபுரம் கோட்டை விழுந்தது. அடுத்த குறி சிவகங்கை. ஜோசப் ஸ்மித் தலைமையில் ஒரு படை கிழக்கில் இருந்தும், பான்ஜோர் தலைமையில் இன்னொரு படை மேற்கில் இருந்தும் வந்தன. நவாபின் மகனும் கூடவே வந்தார். ஜூன் 25-ம் தேதி காளையார்கோவிலில் நடந்த தாக்குதலில் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார். காளையார்கோவிலில் இருந்த நகைகளும் செல்வமும் சூறையாடப்பட்டன.

அந்த நேரத்தில் வேலு நாச்சியார் கொல்லங்குடி பக்கம் இருந்தார் என்று மக்கள் வழக்கில் சொல்லப்படுகிறது. ராணி போன திசையைக் கேட்டு விரட்டி வந்த படை, உடையாள் என்ற ஒரு பெண்ணைப் பிடித்தது. அவள் வாய் திறக்கவில்லை. அங்கேயே வெட்டப்பட்டாள். பின்னாளில் ராணி தன் தாலியையே அந்தப் பெண்ணின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார் என்பது கதை. கொல்லங்குடி அருகே உள்ள வெட்டுடையார் காளி கோயிலோடு இந்தக் கதை இன்றும் சேர்ந்தே இருக்கிறது.

ஆவணத்தில் இருப்பது எது, வாய்மொழியாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனா ஒரு விஷயத்தில் சந்தேகம் இல்லை. 42 வயதில், மகளோடு, தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் துணையோடு வேலு நாச்சியார் சீமையை விட்டு வெளியேறினார். சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயரையே மாற்றினார்கள். போனவர்கள் திரும்பி வர ஊர்கூட இல்லை என்பது மாதிரியான நிலை.

ஏன் விருப்பாச்சி?

சிவகங்கையில் இருந்து விருப்பாச்சி நூறு கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் மதுரை. மதுரை அப்போது நவாப், கம்பெனி கட்டுப்பாட்டில். அப்படி இருந்தும் அவர்கள் அங்கே போனதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், எல்லை. திண்டுக்கல் சீமை அப்போது மைசூர் ஹைதர் அலியின் கையில் இருந்தது. நவாபின் அதிகாரம் அங்கே செல்லாது. கம்பெனி படை அங்கே நுழைந்தால் அது மைசூரோடு போர் தொடுப்பதற்குச் சமம். இன்றைக்கு ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டினால் பின்னால் துரத்தி வரும் ஆள் நின்றுவிடுவான் இல்லையா, அதே கணக்கு.

இரண்டாவது காரணம், மலை. பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் விருப்பாச்சி. ஆபத்து வந்தால் ஒதுங்கக் காடு பக்கத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது காரணம், ஆள். விருப்பாச்சி பாளையக்காரர் கோபால நாயக்கர். கம்பெனிக்குத் தலைவணங்காத பாளையக்காரர்களில் ஒருவர். நாடிழந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்தால் நவாபின் கோபம் தன் மேலும் திரும்பும். தெரிந்தேதான் இடம் கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். வந்தவர்கள் மறவர் சீமைக்காரர்கள். இடம் கொடுத்தவர் தெலுங்கு பேசும் பாளையக்காரர். மேலே இருந்த அதிகாரம் மைசூரின் முஸ்லிம் ஆட்சியாளர். சாதி, மொழி, மதம் என்று எதிலும் ஒட்டாத மூன்று தரப்பு. சேர்த்தது ஒரே விஷயம், எதிரில் இருந்தவன்.

ஹைதர் அலியிடம் எப்படிப் போனார்கள்?

அடைக்கலம் கிடைத்ததும் முதல் வேலை, உதவி கேட்பது. 1772 டிசம்பர் 8-ம் தேதி தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 5,000 காலாட்படை, 5,000 குதிரைப்படை தந்தால் சிவகங்கையையும் ராமநாதபுரத்தையும் மீட்டுவிடலாம் என்பது அதில் இருந்த கோரிக்கை. சீமையை இழந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கணக்குப் போட்டு, ஆள் எண்ணிக்கையோடு கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த கூட்டம் இல்லை அது.

வேலு நாச்சியார் ஹைதரை நேரில் சந்தித்ததும் இந்த வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் காட்சி. ராணி உருதுவில் பேசினார், ஹைதர் அசந்துபோனார் என்பார்கள். முன்னால் சொன்ன மொழி விஷயம் இங்கேதான் வேலை செய்தது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் கோரிக்கையின் பாதி அவர் வாயிலேயே கரைந்துவிடும். அடுத்தவர் நாட்டில் போய் நிற்கிறவருக்கு அந்த ஊர் அதிகாரியின் மொழி தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, வெளிநாட்டில் போய் இறங்கிய எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார்.

ஹைதருக்கும் திண்டுக்கல் புதிது இல்லை. 1755-லேயே திண்டுக்கல்லுக்கு மைசூர் தளபதியாக வந்தவர். பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு படையைப் பலப்படுத்தியதும் இங்கேதான். அவர் வளர்ச்சிக்கே திண்டுக்கல் கோட்டை ஒரு படிக்கட்டு. ராணிக்குத் தேவையானதைச் செய்யும்படி திண்டுக்கல் கோட்டையில் இருந்த தன் அதிகாரிக்கு உத்தரவு போட்டார்.

அப்படியானால் ஏன் 8 ஆண்டுகள்?

நியாயமான கேள்வி. உதவி செய்ய ஹைதர் தயார், சண்டைக்கு மருது சகோதரர்கள் தயார், கேட்க ராணி தயார். பிறகு ஏன் 1772-ல் கேட்ட படை 1780-ல் வந்தது?

விடை சிவகங்கையில் இல்லை, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது.

1769-ல் முதல் மைசூர் போர் முடிந்தபோது, யாராவது மைசூரைத் தாக்கினால் துணைக்கு வருவதாகக் கம்பெனி ஹைதருக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. அடுத்த வருஷமே மராட்டியர்கள் மைசூர் மேல் படையெடுத்தார்கள். கம்பெனி வரவில்லை. ஹைதர் பெரிய தொகையையும் நிலத்தையும் இழந்து 1772-ல்தான் அந்தச் சண்டையில் இருந்து மீண்டார். அதாவது, வேலு நாச்சியார் விருப்பாச்சிக்கு வந்த அதே வருஷம்.

அதற்குப் பிறகு இழந்த பகுதிகளைத் திரும்பப் பிடிப்பது, குடகு, மலபார் என்று ஹைதர் பல ஆண்டுகள் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். கம்பெனியோடு நேரடியாக மோதும் பலம் அவரிடம் அப்போது இல்லை. சிவகங்கைக்குப் பெரிய படை அனுப்பினால் அது கம்பெனியோடு போர். அதற்கு அவருக்கு நேரம் வரவேண்டும்.

அந்த நேரம் 1780-ல் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு கர்நாடகச் சீமைக்குள், அதாவது ஆற்காடு நவாபின் நாட்டுக்குள், இறங்கினார். செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனி படை நொறுங்கியது. கம்பெனி இந்தியாவில் அதுவரை பார்க்காத பெரிய தோல்வி என்று அதைச் சொல்வார்கள். வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டதும் அதே 1780-ல்தான்.

இது தற்செயல் இல்லை. அடைக்கலம் புகுந்தவர் எப்போது வீடு திரும்பலாம் என்பதை அவருடைய வீரம் மட்டும் முடிவு செய்வதில்லை. இடம் கொடுத்தவனுடைய அரசியல்தான் அதில் பெரும்பாதி. மகாபாரதத்தில் பாண்டவர்களுக்கு வனவாசம் 12, அஞ்ஞாதவாசம் 1 என்று கணக்கு இருந்தது. ராமனுக்கும் 14 என்று ஒரு எண் இருந்தது. வேலு நாச்சியாருக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. அடுத்த வருஷமா, பத்து வருஷமா, திரும்பிப் போவதே இல்லையா என்று தெரியாத காத்திருப்பு அது. கடிதம் எழுதிய தாண்டவராய பிள்ளை சிவகங்கை மீட்கப்பட்டதைப் பார்க்காமலேயே இறந்துபோனார்.

காத்திருந்த காலத்தில் என்ன நடந்தது?

சும்மா இருக்கவில்லை. சிவகங்கைச் சீமையில் இருந்து விசுவாசமானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விருப்பாச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். மருது சகோதரர்கள் ஆள் திரட்டினார்கள். ஊரில் இருப்பவர்களோடு தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். நவாபின் ஆட்கள் வரி வசூலுக்குப் போன இடங்களில் எதிர்ப்பு இருந்துகொண்டே இருந்தது.

உயிரைக் கொடுத்த உடையாள் பெயரில் ஒரு பெண்கள் படை உருவானதாகவும், அதற்குக் குயிலி தலைமை தாங்கியதாகவும் மக்கள் வழக்கு சொல்கிறது. விருப்பாச்சியில் ராணிக்கு ஒவ்வொரு நாளும் எப்படிப் போனது, குழந்தை வெள்ளச்சி எந்த மொழி பேசிய பிள்ளைகளோடு விளையாடியது என்பதையெல்லாம் எந்த ஆவணமும் எழுதிவைக்கவில்லை. போர்க்களம் எழுதப்படும், சமையலறை எழுதப்படாது. ஆனா ஒரு கணக்கை நாமே போடலாம். 1772-ல் சின்னப் பெண்ணாக வந்த வெள்ளச்சி, 1780-ல் திரும்பும்போது வளர்ந்த பெண். அவளுக்கு நினைவு தெரிந்த ஊர் சிவகங்கையாக இருந்திருக்குமா, விருப்பாச்சியாக இருந்திருக்குமா?

1780: திரும்பி வந்த ராணி

ஹைதரின் திண்டுக்கல் படை துணைக்கு வர, மருது சகோதரர்கள் முன்னால் நடத்த, வேலு நாச்சியார் சிவகங்கைக்குள் நுழைந்தார். விஜயதசமி நாளில் கோயிலுக்குப் போகும் பெண்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் பெண்கள் படை அரண்மனைக்குள் போனதாகவும், குயிலி தன் உடம்பில் நெய்யை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்ததாகவும் சொல்லப்படும் கதை தமிழ்நாடு முழுக்கப் பிரபலம். அந்தக் கால ஆவணங்களில் குயிலி பெயர் இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வதும் உண்மை. ஆவணம் எழுதியவர்கள் யார் என்பதையும் யோசித்துப் பார்த்தால், மக்கள் ஏன் குயிலியை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

சீமை கைக்கு வந்தது. பெரிய மருது தளபதி, சின்ன மருது பிரதானி. அரண்மனைப் பணியாட்களாக இருந்து, கூடவே அடைக்கலத்தில் வாழ்ந்தவர்கள் இப்போது நாட்டின் நிர்வாகிகள். 8 வருஷம் ஒரே கூரையின் கீழ் காத்திருந்த நம்பிக்கை அது.

திரும்பி வந்ததோடு எல்லாம் முடிந்ததா?

இல்லை. படத்தில் என்றால் இந்த இடத்தில் வணக்கம் போட்டுவிடுவார்கள். நிஜத்தில் இதற்குப் பிறகுதான் இன்னொரு கஷ்டம். 1782 டிசம்பரில் ஹைதர் அலி இறந்துபோனார். துணைக்கு இருந்த தூண் சாய்ந்தது. அடுத்த வருஷமே கம்பெனி படை ஃபுல்லர்ட்டன் தலைமையில் சிவகங்கைக்கு வந்தது. மருது சகோதரர்கள் காளையார்கோவில் காட்டுக்குள் பின்வாங்கினார்கள். கடைசியில் பணம் கட்டித்தான் சீமையைக் காப்பாற்ற முடிந்தது.

பிற்பகுதியில் யார் கையில் அதிகாரம் என்பதில் அரண்மனைக்குள்ளேயே உரசல்கள் வந்தன. மகள் வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அரசரானார். வேலு நாச்சியார் ஒதுங்கி வாழ்ந்தார். 1796 டிசம்பர் 25-ம் தேதி இறந்தார். வயது 66.

அடைக்கலம் வாங்கியவர்கள், அடைக்கலம் கொடுத்தபோது…

ராணியின் கதை அவர் மரணத்தோடு முடியவில்லை. விருப்பாச்சியில் விழுந்த விதை அவர் இறந்த ஐந்தாவது வருஷம் என்னவாக முளைத்தது என்பதுதான் இந்தக் கதையின் கனமான பகுதி.

1799 அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில். 1801 பிப்ரவரியில் அவர் சிறையில் இருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி கட்டினார். மே மாதம் அதுவும் விழுந்தது. காயத்தோடு தப்பிய ஊமைத்துரை வந்து நின்ற இடம், மருது சகோதரர்களின் சிறுவயல்.

கம்பெனி அவரை ஒப்படைக்கச் சொன்னது. மருது சகோதரர்கள் மறுத்தார்கள்.

அந்த மறுப்புக்கு என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனா ஒரு காலத்தில் அவர்களே இன்னொருவன் வாசலில் போய் நின்றவர்கள். நவாபுக்குப் பயந்து கோபால நாயக்கர் அன்றைக்குக் கதவைச் சாத்தியிருந்தால் மருது என்ற பெயரே வரலாற்றில் இருந்திருக்காது. வாங்கிய கடனை வேறொரு ஆளுக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான் ஆனது.

போர் வெடித்தது. அந்த ஜூனில் சின்ன மருது, எல்லா மக்களையும் கம்பெனிக்கு எதிராகத் திரளச் சொல்லும் அறிக்கையைத் திருச்சியில் ஒட்டவைத்தார். திண்டுக்கல் பக்கம் கோபால நாயக்கர் கிளர்ச்சியாளர்களைத் திரட்டியிருந்தார். அக்டோபர் 24-ம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே 1801-ல் கோபால நாயக்கரும் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். இடம் கொடுத்தவரும், இடம் பெற்றவர்களும் ஒரே வருஷத்தில், ஒரே காரணத்துக்காக.

அதோடும் நிற்கவில்லை. 1802-ல் 70-க்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தியது கம்பெனி. அதில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி ஒருவர். வேலு நாச்சியாரின் மருமகன் வேங்கன் பெரிய உடையத் தேவர் இன்னொருவர். ராணி நாடிழந்து நடந்து போனார். முப்பது வருஷம் கழித்து அவர் மருமகன் நாடிழந்து கடல் தாண்டிப் போனார். ராணி திரும்பி வந்தார். மருமகன் திரும்பவில்லை.

சினிமா இந்தக் கதையை எப்படிப் பார்க்கிறது?

மருது சகோதரர்களின் கதையைக் கண்ணதாசன் 1959-ல் சிவகங்கைச் சீமை என்று படமாகத் தயாரித்தார். கே.சங்கர் இயக்கம். அதே மே மாதத்தில்தான் சிவாஜியின் வீரபாண்டிய கட்டபொம்மனும் வந்தது. வேலு நாச்சியார் கதை நாட்டிய நாடகமாகவும் மேடையேறியிருக்கிறது. பெரும்பாலும் இந்தப் படைப்புகளில் நமக்குப் பிடித்தது வாள் உருவும் காட்சியும், வசனமும், உயிர்த்தியாகமும்.

ஆனா தமிழ் சினிமாவுக்கு அகதியின் கதை புதிது இல்லை. 1952-ல் வந்த பராசக்தியின் மையமே இரண்டாம் உலகப்போரில் ரங்கூனை விட்டுக் கிளம்பிச் சிதறிப்போகும் ஒரு குடும்பம்தான். பர்மாவில் இருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள், அதில் பெரும் எண்ணிக்கையில் தமிழர்கள், கால்நடையாகத் திரும்பி வந்த காலம் அப்போது எல்லோருக்கும் ஞாபகத்தில் இருந்தது. 2001-ல் பாலாவின் நந்தா இலங்கையில் இருந்து படகில் வருபவர்களைக் கதைக்குள் கொண்டு வந்தது. 2002-ல் மணிரத்னத்தின் கன்னத்தில் முத்தமிட்டால், ராமேஸ்வரம் முகாமில் பிறந்த குழந்தை தன் தாயைத் தேடிப்போவதைச் சொன்னது.

2015-ல் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த தீபன், கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று ஈழத் தமிழர்கள் ஒரு குடும்பம் என்று சொல்லிக்கொண்டு பிரான்ஸ் போகும் கதை. 2025-ல் வந்த டூரிஸ்ட் ஃபேமிலி, இலங்கையில் இருந்து வந்த குடும்பம் சென்னையில் தங்கள் பேச்சுவழக்கு வெளியே தெரிந்துவிடாமல் வாழப் பாடுபடுவதைச் சிரிப்போடு சொன்னது.

இந்தப் படங்களை அடுத்தடுத்து நினைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். கேள்விகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். யாரை நம்புவது? எந்த மொழியில் பேசுவது? குழந்தைக்கு எது சொந்த ஊர்? எப்போது திரும்புவது? விருப்பாச்சியில் வேலு நாச்சியாருக்கு முன்னால் இருந்த கேள்விகளும் இவையேதான். ராணி என்பதால் கேள்வி மாறிவிடவில்லை. இனி அவர் வாழ்க்கையைப் படமாக எடுப்பவர்கள், போர்க்காட்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தையாவது அந்த 8 வருஷத்துக்கு ஒதுக்கினால், இதுவரை பார்க்காத ஒரு வேலு நாச்சியாரைப் பார்க்கலாம்.

இன்றைய விருப்பாச்சி

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து தமிழர்கள் அலை அலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்காக அமைந்த முகாம்களில் ஒன்று விருப்பாச்சியிலும் இருக்கிறது. ராணிக்கு இடம் கொடுத்த அதே ஊர்.

தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், அவற்றில் சுமார் 58 ஆயிரம் பேர். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாநில அரசு மாற்றியது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. அதே சமயம், 1951-ம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையில் இருந்து வந்தவர்கள் சேர்க்கப்படவில்லை.

ராணி காத்திருந்தது 8 வருஷம். முகாம்களில் இருக்கும் பலர் காத்திருப்பது 30, 40 வருஷம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் ஆன தலைமுறை இது. வெள்ளச்சிக்கு வந்திருக்கக்கூடிய அதே கேள்வி இவர்களுக்கும் இருக்கிறது, எது சொந்த ஊர்? பதில் சொல்ல வேண்டிய இடத்தில் 1780-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் இருந்தது. இன்றைக்கு அது டெல்லியும் கொழும்பும்.

அடுத்த முறை பழனிக்குப் போகும் வழியில் விருப்பாச்சியில் மலை வாழைப்பழம் வாங்க வண்டியை நிறுத்தினால், கோபால நாயக்கரின் மணிமண்டபத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம். சிவகங்கை ராணிக்குச் சிலைகள் பல ஊர்களில் உண்டு. அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட மனிதரின் நினைவிடம் இந்த ஊரில்தான் இருக்கிறது.